பீமாராவின் காதுகள்

பேனா மூடியால் காதைக் குடையாதீர்கள், மேடம். என் தொழில் இது என்பதால் சொல்கிறேன். காதில் சேரும் அழுக்கு தானாகவே வெளியே வந்துவிடும். குடையக் குடையத்தான் அது உள்ளே போய் அடைத்துக்கொள்ளும். வாரத்துக்கு இரண்டு பேராவது பஞ்சுக்குச்சியால் சவ்வைக் கிழித்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். நன்றாக இருக்கும் காதை யாரும் சும்மா விடுவதில்லை.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஏட்டையா எழுதுகிற வேகத்துக்கே சொல்கிறேன்.

என் பெயர் அசோக்குமார். வயது முப்பத்துமூன்று. காளவாசல் பக்கம் காது பரிசோதனை நிலையம் நடத்துகிறேன். சொந்த ஊர் பேரையூருக்குத் தெற்கே. சுற்றிலும் மானாவாரிக் காடு. எங்கள் வீட்டுக்கு மட்டும் கிணற்றுப் பாசனத்தில் பன்னிரண்டு ஏக்கர். பீமாராவும் அதே ஊர்தான். அவன் வீடு ஓடைக்கு அந்தப் பக்கம், காலனியில். அவன் அப்பா சுடலையும் அம்மா சோணையம்மாளும் எங்கள் தோட்டத்தில்தான் வேலை பார்த்தார்கள். அவர்கள் மகனுக்கு அந்தப் பெயரை வைத்தபோது எங்கள் வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம். அப்பா மட்டும் அவனைக் கடைசிவரை 'சுடலை மகன்' என்றுதான் சொன்னார்.

மதுரைக்குப் படிக்க வந்தபோது நாங்கள் இருவரும் திருப்பரங்குன்றத்தில் ஒரே மாடி அறையில் தங்கினோம். அவன் இயற்பியல், நான் ஆடியாலஜி, அதாவது கேட்பியல். ஒரே பாயில் படுத்தோம், ஒரே தட்டில் சாப்பிட்டோம். அவன் என்னை மாப்ள என்பான். பொங்கலுக்கு இருவரும் ஒன்றாக ஊருக்குப் போவோம். பஸ் ஊர் எல்லையைத் தாண்டியதும் அந்த வார்த்தை நின்றுவிடும். அவன் அப்புறம் என்னை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட மாட்டான். பேச வேண்டியதை மட்டும் பேசுவான். நாங்கள் இருவரும் அதைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இதைச் சொல்வதற்குக் காரணம், நான் அவனிடம் வித்தியாசம் பார்த்தேன் என்று யாராவது உங்களிடம் சொல்லக்கூடும்.

அவன் கிதார் வாங்கியது இரண்டாம் வருடம். சர்ச் பாடகர் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த ஒருவர் வீட்டைக் காலி செய்தபோது ஒதுக்கிய கறுப்புக் கிதார். கழுத்து லேசாக வளைந்திருந்தது. அவனே கழற்றி, இழுத்து, நிமிர்த்தினான். மைக்செட் கடையில் தூக்கிப் போட்டிருந்த ஒரு ஸ்பீக்கர் பெட்டியை வாங்கி அதையும் அவனே சரிசெய்தான். போனில் வீடியோ பார்த்துப் பழகினான். ஆறே மாதத்தில் அவன் வாசித்ததைக் கேட்டு வீட்டுக்காரம்மா எங்களைக் காலி செய்யச் சொன்னார்.

நீங்கள் ஆர்க்கெஸ்ட்ரா என்று நினைத்துவிடக் கூடாது. ஹார்ட்கோர் பங்க் என்பது வேறு. ஒரு பாட்டு ஒரு நிமிஷம், மிஞ்சினால் ஒன்றரை. பாடுகிறவர் பாட மாட்டார், கத்துவார். கிதாரில் சரணமும் இல்லை, குழைவும் இல்லை. வலது கை கீழ்நோக்கியே அடித்துக்கொண்டிருக்கும். கேட்பவர்கள் உட்கார்ந்து கேட்பதில்லை. ஒருவர் மேல் ஒருவர் மோதிக்கொண்டு குதிப்பார்கள். பீமாராவ் வாசித்து முடித்தால் கிதாரின் வெள்ளைத் தகட்டில் ரத்தம் தெறித்திருக்கும். நகக்கண் கிழிந்ததே அவனுக்குத் தெரிந்திருக்காது. மேடைக்குக் கீழே அவன் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை.

நான்கு பேர் சேர்ந்தோம். அவன் கிதார்; நான் பேஸ், அதாவது அடிச்சுருதிக்கான கிதார்; ராம்கி டிரம்ஸ். கத்துவதற்குத் தமிழ்வாணி. அவள் அப்போது பி.காம் படித்துக்கொண்டிருந்தாள், பின்னால் பீமாராவைக் கட்டிக்கொண்டாள். குழுவுக்குப் பெயர் கருவமுள். மொட்டைமாடியில் பதினோரு பேருக்கு முன்னால் ஆரம்பித்தோம். ஒரு கல்லூரி விழாவில் மூன்றாவது பாட்டிலேயே கரண்டை நிறுத்திவிட்டார்கள். சமயநல்லூரில் ஒரு பழைய மாவு மில் குடோனில் வாசித்தபோது எண்பது பேர் வந்தார்கள். பெங்களூரு, கொச்சி, ஒருமுறை குவாஹாத்தி வரை போனோம். ரயிலில் முன்பதிவு இல்லாத பெட்டியில் டிரம்ஸை மடியில் வைத்துக்கொண்டு போவோம். அவன் இந்த வாத்தியத்துக்காகவே பிறந்தவன். அதை நான் மறுக்கவே மாட்டேன்.

பாட்டுகளை அவன்தான் எழுதினான். அதில் ஒன்று 'ஏழரை எச்.பி.' நாற்பத்தெட்டு வினாடி. அதைப் பற்றி நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்பதால் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்களுக்கு எட்டு வயது இருக்கும்போது ஒரு கோடை. காலனிக் குழாயில் தண்ணீர் வரவில்லை. சோணையம்மாள் எங்கள் பம்புசெட்டு வாய்க்காலில் ஒரு குடம் மொண்டுவிட்டார். அப்பா பார்த்துவிட்டார். அவர் அடிக்கவெல்லாம் இல்லை. தண்ணீரைத் திரும்ப வாய்க்காலிலேயே ஊற்றச் சொன்னார். ஊற்றி முடித்ததும் குடத்தைக் காலால் ஒரு தள்ளு தள்ளினார். பித்தளை இல்லை, பிளாஸ்டிக் குடம்தான். பீமாராவ் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் மோட்டார் ரூம் மேலே உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றுகொண்டிருந்தேன். பாட்டில் எங்கள் வீட்டுப் பெயர் கிடையாது. பச்சைக் கதவு, ஏழரை எச்.பி. மோட்டார், ஒரு குடம், அவ்வளவுதான். ஆனால் எங்கள் பக்கத்து ஊர்களில் பச்சைக் கதவு போட்ட மோட்டார் ரூம் ஒன்றே ஒன்றுதான்.

அந்தப் பாட்டுக்கு நானே நான்கு வருடம் பேஸ் வாசித்தேன். நல்ல பாட்டு. வாசிக்கும்போது எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

2018இல் நான் கடை வைத்தேன், கல்யாணமும் ஆனது. குழுவிலிருந்து நானாகத்தான் விலகினேன். வேறு ஆளைத் தேடுவார்கள் என்று நினைத்தேன். தேடவில்லை. பேஸ் இல்லாமலே மூன்று பேராக வாசித்தார்கள். ஒரு தடவை போய்ப் பார்த்தேன். யாருக்கும் எந்த வித்தியாசமும் தெரியவில்லை.

கொரோனா சமயத்தில் ஊரில் இருந்தபோது சித்தப்பா மகன் அழகுபாண்டி அந்தப் பாட்டைப் போனில் போட்டு அப்பாவிடம் காட்டினான். அப்பா முழுதாகக் கேட்டார். அவர் கோபப்படவில்லை. "இதுல நீ என்ன வாசிக்கிற?" என்றார்.

"பேஸ்" என்றேன்.

இன்னொரு தடவை போடச் சொல்லிக் கேட்டார். "கேக்கவே இல்லையே" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

2022 பிப்ரவரியில் பீமாராவ் என் கடைக்கு வந்தான். மத்தியானச் சாப்பாட்டு நேரம், வேறு ஆள் இல்லை. இரண்டு வாரமாகக் காதில் ரீங்காரம் நிற்கவில்லை என்றான். அந்த ஜூனில் அவர்களுக்கு ஜெர்மனி, போலந்து, செக் நாடு என்று முப்பத்தொரு நாள் பயணம், இருபத்தேழு நிகழ்ச்சிகள். பெரிய அரங்கம் ஒன்றும் இல்லை. எல்லாம் நம் மாவு மில் குடோன் மாதிரி இடங்கள்தான். ஆனால் நம் பக்கத்திலிருந்து அந்த இடங்களுக்கு அதுவரை யாரும் போனதில்லை. விசாவுக்கு எழுதிப் போட்டிருந்தார்கள்.

அதற்கு முந்திய வாரம் சோணையம்மாளும் என்னைப் பார்க்க வந்திருந்தார். என்னைவிட முப்பது வயது மூத்தவர். என்னை எப்போதும் நீங்க, வாங்கதான். "தம்பி, அவன் காதப் பாத்துக்கங்க. ராத்திரியெல்லாம் இரையுதுன்னு தலையப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்துருக்கான். ஒங்கள விட்டா எங்களுக்கு யாரத் தெரியும்" என்றார். பார்த்துக்கொள்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

பரிசோதனையை முதலில் ஒழுங்காகத்தான் செய்தேன். கண்ணாடி அறைக்குள் அவன், வெளியே நான். காதில் மெல்லிய ஒலி வரும்; கேட்டதும் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அவன் காது நன்றாகவே இருந்தது. மேல் சுருதியில் மட்டும் கொஞ்சம் இறக்கம். பத்து வருடம் அந்த மாதிரி வாசித்தவனுக்கு அது ஆச்சரியமான காது. கொஞ்ச நாள் ஓய்வு, வாசிக்கும்போது காதடைப்பான், அவ்வளவு போதும். அதைச் சொல்லத்தான் கதவைத் திறந்தேன்.

அவன் போனை நீட்டினான். வெளிநாட்டில் ஒரு கம்பெனி அவர்கள் பாட்டை இசைத்தட்டாகப் போடுகிறது. அதன் அட்டை. எங்கள் மோட்டார் ரூம் கதவு, முழு அட்டைக்கும். பச்சை பெயின்ட் உரிந்திருப்பதுகூட அப்படியே தெரிந்தது.

"எப்பிடி மாப்ள இருக்கு?" என்றான்.

"நல்லாருக்கு."

"பாட்டப் புதுசா ரெக்கார்ட் பண்ணிட்டோம். பேஸ் இல்லாம. இன்னும் கூரா இருக்கு."

அவன் அதை என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. அவனுக்கு அந்தக் குணம் கிடையாது. அட்டையைப் பார்த்தால் நான் சந்தோஷப்படுவேன் என்று உண்மையாகவே நம்பினான்.

"மறுபடி ஒரு தடவ பாத்துருவோம்" என்றேன்.

"ஏன், எதும் கோளாறா?"

"உறுதி பண்ணிக்கிறணும்ல."

அவன் திரும்பவும் உள்ளே போய் உட்கார்ந்தான். நான் கருவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒலியைப் போடவில்லை. பதினொரு நிமிஷம் எதையும் தொடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் பொத்தானைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, வராத சத்தத்துக்காகக் காத்திருந்தான். அவ்வளவு கவனமாக ஒரு மனிதன் கேட்பதை என் தொழிலில் நான் பார்த்ததில்லை. இடையில் ஒரு தடவை அழுத்தினான். பிறகு தலையை ஆட்டிக்கொண்டான், தப்பாக அழுத்திவிட்டோம் என்று.

வெளியே வந்தபோது ஏ.சி. அறையிலும் அவன் சட்டை நனைந்திருந்தது. "ஒண்ணுமே கேக்கலடா" என்றான். "மொதத் தடவ கேட்டுச்சே. எம்புட்டு நாளா இப்பிடி?"

"சில நேரம் கேக்கும், சில நேரம் கேக்காது. நரம்பு போயிட்டிருக்கு. இப்பிடித்தான் ஆரம்பிக்கும்."

"வாசிக்கலாமா?"

"வாசிச்சா ரெண்டு வருசம். நிப்பாட்டுனா வயசாகுற வரைக்கும் ஓட்டலாம்."

ரிப்போர்ட்டில் காது எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் கோட்டை நானே வரைந்து கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். அவன் அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பைக்கை உதைத்துக் கிளம்பினான்.

வேறு டாக்டரிடமும் ஒரு தடவை காட்டலாம் என்று தமிழ்வாணி சொன்னாளாம். "அசோக்கு எங்கிட்டப் பொய் சொல்லி என்ன ஆகப்போகுது" என்று இவன் அடக்கிவிட்டான். அதை அவனே என்னிடம் வந்து சொன்னான். பயணம் ரத்தானது. ராம்கி சென்னைக்கு வேலைக்குப் போய்விட்டான். இசைத்தட்டு வந்ததா என்று எனக்குத் தெரியாது. வரவில்லை என்றுதான் நினைக்கிறேன். கிதாரை என் கடையில் கொண்டுவந்து வைத்தான். "வீட்டுல இருந்தா கை அரிக்குது. ஓங்கிட்டயே இருக்கட்டும்." பின்னறையில் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். அதற்கு எந்தச் சேதமும் இல்லை.

சமயநல்லூரில் ஒரு பார்சல் குடோனில் அவனுக்கு வேலை கிடைத்தது. தமிழ்வாணிக்கு ஏற்கெனவே தபாலாபீசில் வேலை. சராசரியான, நல்ல குடும்ப வாழ்க்கை. இத்தோடு நின்றிருந்தால் நானும் நிறுத்தியிருப்பேன்.

ஜூலை மாதம் சிரித்துக்கொண்டே வந்தான். "மாப்ள, இரைச்சல் சுத்தமா நின்னுபோச்சு. அடுப்படில சீரகம் பொரியுறதுகூடக் கேக்குது. அடுத்த வருசம் வரச்சொல்லி அந்த ஜெர்மனிக்காரவுக மறுபடி எழுதிருக்காக. தமிழ்வாணியும் போவோம்னு நிக்கிது."

அவனை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினேன். கேட்கிற மாதிரி இருக்கும், அது மூளை செய்யும் ஊகம், அதை நம்பக் கூடாது என்றேன். இரண்டு காதுக்கும் கேட்புக் கருவி பொருத்தினேன். அவனிடம் நான் அரைக் காசு வாங்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கேட்புக் கருவியின் வேலை சத்தத்தைக் கூட்டித் தருவது. கேளாத காதுக்கு அது மருந்து. நன்றாகக் கேட்கும் காதுக்குள் அதே சத்தத்தை நாள் முழுக்க விட்டால் என்ன ஆகும் என்பது முதல் வருடப் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது.

மாட்டிவிட்டதும் என் உதவிப் பெண் கதவைச் சாத்தினாள். அவன் நாற்காலியிலிருந்து துள்ளி விழுந்தான். "வலிக்குதுடா" என்றான்.

"பழகிரும். மறந்துபோன சத்தத்தையெல்லாம் மூளை திரும்பப் படிக்கணும். எந்திரிச்சதுலருந்து படுக்குற வரைக்கும் கழட்டவே கூடாது."

அவன் சொன்னபடி செய்கிற ஆள். கிதாரையே அப்படித்தான் பழகினான், வலியைப் பார்க்காமல். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வருவான், நான் ஒரு படி கூட்டிவைப்பேன். மறு வருடம் மகள் பிறந்தாள். பிள்ளை வீறிட்டால் மண்டைக்குள் ஆணி அடிக்கிற மாதிரி இருக்கிறது, அந்த நேரம் மட்டும் கழற்றிக்கொள்ளட்டுமா என்று கேட்டான். பிள்ளை குரலுக்குத்தான் முதலில் பழக வேண்டும் என்றேன். கழற்றவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்ணில் நீர் வடிய வடிய நடப்பானாம். தமிழ்வாணி அதைப் பாசம் என்று நினைத்திருந்தாள்.

இரண்டாம் வருடம் அவன் வலிக்கிறது என்று சொல்வதை நிறுத்தினான். அப்புறம் ஒரு நாள் அவனாகவே, "கொஞ்சம் கூட்டி வையி மாப்ள, பத்தல" என்றான். அன்றைக்கு அவனைத் திரும்பவும் கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்தேன். இந்தத் தடவை ஒலியை ஒழுங்காகப் போட்டேன். அறுபது டெசிபல் வைத்தேன், எழுபது வைத்தேன். பொத்தானைப் பிடித்தபடி கண்ணை மூடி அமைதியாக உட்கார்ந்திருந்தான்.

போன மாதம் குடோனில் லாரி பின்னால் வந்தது அவனுக்குக் கேட்கவில்லை. இடது பாதத்தின் மேல் சக்கரம் ஏறிவிட்டது. சிகிச்சை பார்த்த இடத்தில் ஒரு காது டாக்டர் கருவியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு சத்தம் யார் வைத்தது என்று கேட்டிருக்கிறார்.

மறுநாள் தமிழ்வாணி கடைக்கு வந்தாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். ஒரு காலத்தில் மைக்கே இல்லாமல் குடோனின் கடைசிச் சுவர்வரை கேட்கக் கத்தியவள். எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எனக்கே சரியாகக் கேட்காத குரலில் கேட்டாள்.

"அண்ணே, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அன்னைக்கு மொதத் தடவ எடுத்தீகள்ல, அதுல எப்பிடி இருந்துச்சு?"

நான் கம்ப்யூட்டரை அவள் பக்கம் திருப்பினேன். எல்லாம் அதில் இருந்தது. முதல் பரிசோதனை, இரண்டாவது, எந்தத் தேதியில் எவ்வளவு கூட்டினேன் என்பது வரை. நான் எதையும் அழிக்கவில்லை. வேலை விஷயத்தில் நான் ஒழுங்கு. அவள் வெகுநேரம் படித்தாள்.

"இத அவருகிட்ட எப்பிடிச் சொல்றது?" என்றாள். என்னிடம் கேட்டது போலவும் இல்லை. "எழுதித்தான் காட்டணும்."

எழுதிக் காட்டியிருக்கிறாள். அன்று சாயங்காலம் அவனிடமிருந்து ஒரு செய்தி வந்தது. 'மாப்ள, நெசமா?' அவ்வளவுதான். நான் பதில் போடவில்லை. அதற்கு அடுத்த நாள் நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. அப்பாவுக்கு இதில் சம்பந்தமில்லை. அவருக்கு இன்றுவரை தெரியாது. பாட்டுக்காகவும் இல்லை, கதவுக்காகவும் இல்லை. அந்தத் தொழிலில் இருந்திருந்தால் அவன் காது எப்படியும் ஒரு நாள் போயிருக்கும். இப்போது வீட்டில், பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கும்போது போயிருக்கிறது. அவன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கையும் நான் மீறவில்லை. மூன்று வருடம் அவன் காதை என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை.

ஏட்டையா எழுதியதை வாசித்துக் காட்டியபோது ஒரு இடத்தில் 'பொய்யான ரிப்போர்ட் தயாரித்து' என்று வந்தது. அதைத் திருத்த வேண்டும். நான் அன்றைக்கு வரைந்த கோட்டையும் போன மாதம் அந்த டாக்டர் எடுத்த கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், மேடம். ஒரு இம்மி பிசகாது. 'பொய்யான' என்ற வார்த்தையை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.